பிடித்தம் போக மீதி

வென்டெல் லஹ்தியைக் கரையேற்ற வேண்டும் என்றுதான் அவன் மனைவி சோல்வே நாற்பத்தாறாம் வயதில் வேலைக்குப் போனாள்.

அதற்கு முன் அவள் சும்மா இருந்தவள் இல்லை. மகளை வளர்த்து ஆளாக்கி ஃபார்கோவுக்குப் படிக்க அனுப்பினாள். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் யாராவது லீவு போட்டால் போய் நின்றாள். மாமியாரைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டாள். ஆனால் தன் பெயரில் சம்பளம் என்று ஒன்று ஒழுங்காக வந்ததில்லை. சம்பளம் என்றால் அது வென்டெலுடையது. இரும்புத்தாது ஏற்றிப் போகும் ஏரிக் கப்பலில் அவன் இயந்திர அறை ஆள். மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடைந்து வழி திறந்ததும் ஏறுவான். ஜனவரியில் ஏரி மறுபடி உறையும்போதுதான் வீட்டுக்கு வருவான். நடுவில் விடுப்பு உண்டு. அந்த நாள்களுக்குச் சம்பளம் போகும் என்று பாதியிலேயே திரும்பிவிடுவான்.

ஏரிக்கரை ஊரான டூ ஹார்பர்ஸில் அவர்கள் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. சமையலறை ஜன்னலில் நின்றால் தாது ஏற்றும் துறையும், அதில் வந்து ஒட்டி நிற்கும் கப்பலும் தெரியும். புருஷன் அங்கேதான் இருக்கிறான் என்று தெரியும். அவன் இறங்கி வர முடியுமா என்பதுதான் தெரியாது. சரக்கு ஏற்றி முடிக்க ஏழெட்டு மணி நேரம். அந்த நேரத்தில் அவனுக்கு ஓய்வு முறை விழுந்தால் வாசல்வரை வரலாம். சில சமயம் டூ ஹார்பர்ஸுக்கு வருவதாகச் சொன்ன கப்பலை டுலூத்துக்கோ, வடக்கே சில்வர் பேவுக்கோ திருப்பிவிடுவார்கள். அவன் போன் செய்வான்.

“சோல், டுலூத்தாம். நாலு மணிக்கு எனக்கு வேலை முடியுது. வர முடியுமா?”

“முடியுமான்னு கேக்காத. எந்த வாசல்னு சொல்லு.”

சுடச்சுட எதையாவது துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பிக்கப் வண்டியைக் கிளப்பிவிடுவாள். மகள் சின்னவளாக இருந்தபோது அவளையும் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொள்வாள். துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தி, தலைக்கவசம் போட்டு வரும் ஆள்களில் தன் ஆள் எவன் என்று நடையை வைத்தே கண்டுபிடிப்பாள். அவன் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்குள் எண்ணெய் வாடை நிரம்பும். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ அங்கேயே சாப்பிட்டு, பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, அவன் இறங்கிப் போவான். அவர்களுடைய தாம்பத்தியத்தில் பாதி அந்த முன்சீட்டில்தான் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மகள் போனபிறகு வீடு பெரிதாகிவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் இப்படி என்று இருவருக்குமே ஒரே சமயத்தில் தோன்றியது. வீட்டுக் கடன் அடைந்துவிட்டால் வென்டெல் இறங்கிவிடலாம். கரையில் பாதிச் சம்பளத்துக்கு ஏதாவது வேலை கிடைக்கும், அது போதும். கடனைச் சீக்கிரம் அடைக்க இன்னொரு வருமானம் வேண்டும். மருத்துவமனையில் வரும் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேஜைக்கு ஆள் எடுத்தார்கள். சோல்வே சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்த அன்று வென்டெலுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். “ரெண்டே சீசன். அப்புறம் நான் உன் காலடியிலதான்” என்று பதில் வந்தது.

ஆனால் கப்பல் அவளுடைய வேலை நேரத்தைக் கேட்டு வரவில்லை. செவ்வாய் மதியம் வந்தது, வியாழன் காலையில் வந்தது. சோல்வே மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம், “அவசரம்னா யாரக் கூப்பிடணும்?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். “என் புருஷனத்தான். வெளிய கார நிறுத்திட்டு வர்றாரு” என்பார்கள். அவள் தட்டச்சு செய்வாள். அவளுடைய புருஷன் இரண்டு மைல் தள்ளித் துறையில் நின்று, அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கப்பலேறுவான். அந்த வருஷம் முழுக்க அவர்கள் வண்டிக்குள் சந்தித்தது கொஞ்சம்தான். போகட்டும், இரண்டே சீசன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் அவன் வீட்டில் இருந்தபோது இருவரும் வரிக் கணக்கைப் போட உட்கார்ந்தார்கள். சோல்வே கணினியில் எண்களைத் தட்டினாள். வென்டெல் காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாகப் பக்கத்தில் இருந்தான். அவன் சம்பள விவரத்தை ஏற்றியதும், வழக்கம்போல, அரசு திருப்பித் தரும் சின்னத் தொகை பச்சையில் வந்தது. அவளுடையதையும் ஏற்றினாள். பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

“என்னத்தத் தட்டுன?”

“என் சம்பளத்தத் தட்டுனேன்.”

“ஒரு சைபர் சேத்துப் போட்டுட்ட போல.”

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். அதே சிவப்பு. மத்திய அரசுக்கு நாலாயிரம் டாலர் பக்கம், மாநிலத்துக்குத் தனியாக இன்னொரு தொகை. இருவரும் திரையையே பார்த்தார்கள். வீட்டுக் கடனுக்கு என்று அவள் ஒரு வருஷமாக ஒதுக்கி வைத்திருந்ததில் பெரும்பகுதி அது.

வென்டெல் சிரிக்கப் பார்த்தான். “நீ வேலைக்குப் போனதுக்கு அபராதமா இது?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணுக்கு அந்தத் தொகை டாலராகத் தெரியவில்லை. போகாமல் விட்ட செவ்வாய்க்கிழமைகளாகவும், வியாழக்கிழமைகளாகவும் தெரிந்தது. கட்டினார்கள். பனி உடைந்தது. அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான்.

மருத்துவமனையின் சம்பளப் பிரிவில் லோர்னா பெட்ரிச் என்று ஒருத்தி இருந்தாள். சோல்வேயைவிடப் பத்து வயது மூத்தவள். வாயைத் திறந்தால் நாலு மேஜைக்குக் கேட்கும். சோல்வே தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னதும், நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரு கண்ணு. அழுவறதுன்னா அழுதுடு, டிஷ்யூ இருக்கு. ஏப்ரல்ல வாரத்துக்கு ஒருத்தராவது இங்க வந்து அழுவாங்க.”

“நான் அழல. எங்க தப்புப் பண்ணோம்னு மட்டும் சொல்லு.”

“தப்புன்னு ஒண்ணும் இல்ல. உங்க ரெண்டு பேரு ஆபீசும் தனித்தனியா உக்காந்து கணக்குப் போடுது. அவன் கம்பெனி என்ன நெனைக்குது? ‘இவன் கல்யாணமானவன், பொண்டாட்டி வீட்ல இருக்கா, ரெண்டு பேருக்கும் உண்டான வரிக் கழிவ இவனுக்கே குடுப்போம்’னு நெனைக்குது. உனக்கு நானும் அதையேதான் பண்ணேன். ஒரே கழிவ நீங்க ரெண்டு எடத்துல வாங்கிட்டீங்க. அதான் சம்பளத்துல வரி கம்மியாப் பிடிச்சிருக்கு. வருஷக் கடைசில ரெண்டையும் சேத்துவெச்சுப் பாக்கறப்ப குட்டு வெளிப்படுது.”

“படிவத்துல, ‘துணையும் வேலை பாக்கறாரா’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சே?”

“இருந்துச்சு. நீ டிக் போடல. யாருதான் போடறாங்க? மொத நாள் வேலைக்கு வர்றப்ப கழிப்பறை எங்க இருக்குன்னு கேக்கத்தான் எல்லாருக்கும் கவலை.”

“இப்ப டிக் போட்டுடட்டுமா?”

“ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம் வாங்கினா அது போதும். உன் ஆளு உன்னவிட ரெண்டு பங்குக்கு மேல வாங்கறான். டிக் போட்டா வேணுங்கறதுக்கு மேல பிடிச்சிடுவாங்க. அதுக்கு பதிலா, ‘ஒவ்வொரு சம்பளத்துலயும் இவ்வளவு கூடப் பிடிங்க’ன்னு ஒரு தொகைய எழுதிக் குடுத்துடலாம். பெரிய சம்பளத்துல எழுதறதுதான் சரி. உன்னோடத தொடாத. அவன எழுதச் சொல்லு.”

லோர்னா ஒரு தாளில் தொகையைக் குறித்துக் கொடுத்தாள். இந்த வருஷம் இதுவரை குறைவாகப் பிடித்ததையும் சேர்த்ததால் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சோல்வே அதை அன்றே வென்டெலுக்கு அனுப்பினாள். பாக்கறேன் என்றான். அடுத்த வாரம் கேட்டாள். பாக்கறேன் என்றான். போனிலேயே சில நிமிஷத்தில் முடிக்கிற வேலை. மே மாதம் முழுக்கப் பார்த்தான். ஜூனிலும் பார்த்தான்.

ஒவ்வொரு சம்பள நாளும் குழி இன்னும் ஆழமாவதாக அவளுக்குத் தோன்றியது. மறுபடி அந்தச் சிவப்பைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. ஜூன் கடைசியில் லோர்னாவிடம் போனாள்.

“எல்லாத்தையும் என்னோடதுலயே பிடிச்சுடு.”

“உன் சம்பளம் நோஞ்சானாயிடும்டி.”

“ஆகட்டும்.”

லோர்னா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். பிறகு கணினி பக்கம் திரும்பி எண்ணைத் தட்டினாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பல் டூ ஹார்பர்ஸுக்கே வந்தது. அவனுக்கும் ஓய்வு முறை, அவளுக்கும் விடுமுறை. அப்படிப் பொருந்தி வருவது அபூர்வம். சோல்வே காலையிலேயே இறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவில் வைத்து மடித்துப் பாஸ்டி சுட்டு, துண்டில் பொதிந்து எடுத்துப் போனாள். வென்டெல் ஏறினான். மெலிந்திருந்தான். காதோரம் நரை கூடியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு முன்கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிய விரிசலைப் பார்த்தான்.

“இத இன்னும் மாத்தலையா?”

“அடுத்த மாசம்.”

“போன தடவையும் அடுத்த மாசம்னுதான் சொன்ன. உன் சம்பளம் என்னதான் ஆகுது?”

“வரியாப் போகுது. உன் பங்கும் என் பங்கும் சேத்து.”

அவன் பாஸ்டியைக் கீழே வைத்தான். “நான்தான் பாக்கறேன்னு சொன்னேன்ல?”

“ஏப்ரல்லேர்ந்து பாக்கற. அவ்வளவு நாள் பாக்க அது என்ன சூரிய கிரகணமா?”

இன்னொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பான். அன்றைக்குக் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“தெறந்து வெச்சேன், சோல். ரெண்டு மூணு தடவ. அந்தத் தொகையப் போட்டா கைக்கு எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டேன். அத வெச்சு வீட்டுக் கடனக் கூட்டிப் பாத்தேன். வர்ற ஜனவரில நான் எறங்க முடியாது. அதுக்கடுத்த ஜனவரிலயும் முடியாது. கீழ எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், எனக்கு இதான் கடைசி சீசன்னு. என் இடத்துக்கு இப்பவே ஒருத்தன் துண்டு போட்டு வெச்சிருக்கான். அந்த எண்ண எழுதாத வரைக்கும் எல்லாம் நெஜம் மாதிரி இருந்துச்சு.”

சோல்வே அவனைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் இத்தனை மாதமாக உள்ளே கிடந்தது முந்திக்கொண்டது.

“நான் வேலையப் பாதியாக் குறைக்கப் போறேன், வென்டெல். கேட்டுட்டேன். வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள் வந்தாப் போதும்ங்கறாங்க.”

அவன் நம்பாமல் பார்த்தான். “நான் சொன்னது காதுல விழுந்துச்சா? இப்பவே எறங்க வழியில்லன்னு சொல்றேன். நீ பாதியாக் குறைச்சா நான் இன்னும் எத்தன வருஷம் அந்தச் சூட்டுல கெடக்கறது?”

“நீ எறங்கணும்னுதான் வேலைக்குப் போனேன். போனதுல நீ வர்ற நாள்ல நான் இல்ல. ஜன்னல்ல நின்னா கப்பல் தெரியும்ல, ஆஸ்பத்திரில அந்த ஜன்னல்கூடக் கெடையாது. என்னிக்கோ வரப்போற உனக்காக, இப்ப இருக்கற உன்ன விட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

“இது என்ன பேச்சு? எல்லாரும் அப்படித்தான் சேத்து வெக்கறாங்க.”

“எல்லாரையும் எனக்குத் தெரியாது. எனக்கு இந்த வண்டி வேணும்.”

அவன் போன் அடித்தது. சரக்கு சீக்கிரம் ஏறிவிட்டது, திரும்பி வா என்றார்கள். வென்டெல் தலைக்கவசத்தை எடுத்தான். இறங்கினான். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனான். கொஞ்சம் பலமாகவே சாத்தினான். விரிசல் விட்ட கண்ணாடி அதிர்ந்தது. பாஸ்டியில் ஒரு கடிதான் போயிருந்தது.

அதற்குப்பிறகு கப்பல் வடக்கே வரவே இல்லை. இந்தியானாவில் தாதுவை இறக்கிவிட்டு, சுண்ணாம்புக்கல் ஏற்றத் தெற்கே கீழ் ஏரிகளுக்குப் போனது. அங்கேயே அலைந்துகொண்டிருந்தது. வென்டெல் போன் செய்தான், செய்யாமல் இல்லை. காற்று பலமா, மகள் பேசினாளா, கூரையில் ஒழுகுதா என்று கேட்டான். அவளும் பதில் சொன்னாள். வேலை பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் அவள் போனில் உண்டு. நீல ஏரியில் ஓர் அம்புக்குறி, அதன்மேல் விரலை வைத்தால் கப்பலின் பெயர் வரும். காப்பி இடைவேளையில் அந்த அம்பைத் தேடிப் பிடிப்பாள். ஹ்யூரான் ஏரியில் இருக்கும். மறுநாள் ஈரியில் இருக்கும். தெற்கே நோக்கியே இருக்கும். எதிரே உட்கார்ந்து தாதியொருத்தி பேசிக்கொண்டே போவாள். சோல்வே உம் கொட்டிக்கொண்டு, விரல் நுனியால் அந்த அம்பை வடக்கே தள்ளிப் பார்ப்பாள். வரைபடம்தான் நகரும்.

பாதி வேலைக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தாள். அவன் முகம் நினைவுக்கு வரும், கொடுக்க மாட்டாள். சூட்டில் கிடக்கிறவன் அவன். தனக்கு ஆசை என்பதற்காக அவன் தலையில் இன்னும் வருஷங்களை ஏற்றலாமா? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. லோர்னாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்.

லோர்னா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்ட எண்ணக் கேளு கண்ணு, கூட்டிச் சொல்றேன். இதுக்கு எனக்குக் கணக்குத் தெரியாது.”

ஆகஸ்ட் நடுவில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வென்டெல் கூப்பிட்டான். குரல் தெளிவாகக் கேட்டது. கப்பல் வடக்கே வரும் வழியில், ஒரு ஏரியிலிருந்து மேல் ஏரிக்குக் கப்பலை உயர்த்திவிடும் சூ மதகுக்குள் நின்று, தண்ணீர் ஏறக் காத்திருந்தது.

“மாத்திட்டேன்” என்றான்.

“என்னத்த?”

“வரிப் பிடித்தத்த. லோர்னா குறிச்சுக் குடுத்த தொகைய என்னோடதுல போட்டுட்டேன். உன்னோடத எடுக்கச் சொல்லிடு. மொதல்ல அந்தக் கண்ணாடிய மாத்து.”

“சரி.”

இரைச்சல் கேட்டது. யாரோ அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் கொஞ்சம் நகர்ந்து வந்து பேசினான்.

“இன்னொண்ணு கேக்கணும். நீ பாதி நாள்தான் வேலைக்குப் போனா, நான் எழுதின தொகை மறுபடி மாறும்ல?”

சோல்வே போனை இறுக்கிப் பிடித்தாள். “மாறும். குறையும்னு நெனைக்கறேன்.”

“லோர்னாகிட்டக் கேட்டு எவ்வளவுன்னு சொல்லு. இன்னொரு தடவ எழுதிடறேன். இப்பதான் பழகிடுச்சே.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வென்டெல், எத்தன குளிர்காலம் ஆகும்?”

“மூணு. கூரை தாங்கினா.”

“மூணு” என்றாள் அவளும்.

“அந்த ஞாயித்துக்கெழம கதவ நான் அப்படிச் சாத்தியிருக்கக் கூடாது” என்றான். “அதுக்கப்புறம் நாலு வாரமா நான் பாஸ்டி சாப்பிடல தெரியுமா? சமையல்காரன் செஞ்சான். நல்லாதான் இருந்திருக்கும்.” அதற்குள் கப்பல் கிளம்பும் சங்கு ஊதியது. அவன் போக வேண்டியிருந்தது.

செப்டம்பரிலிருந்து சோல்வே வாரத்தில் பாதி நாள் மட்டும் மேஜைக்குப் போனாள். சம்பளம் பாதியானது. அதில் பிடித்தம் என்று பெரிதாக எதுவும் இல்லை. லோர்னா புதுத் தொகையைக் கூட்டிக் கொடுத்தாள், வென்டெல் அன்றைக்கே எழுதினான். தன் இடத்துக்குத் துண்டு போட்டிருந்தவனிடம் போய், துண்டை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, மரங்கள் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தபோது, கப்பல் டூ ஹார்பர்ஸுக்கு வந்தது. வென்டெலுக்கு மதியம் ஓய்வு. அவளுக்கும் வேலையில்லை. வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். அவன் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நடை தளர்ந்திருந்தது. ஏறி உட்கார்ந்து, அவள் கன்னத்தில் குளிர்ந்த மூக்கை வைத்தான். கஞ்சிபோல் கெட்டியான காட்டரிசி சூப்பைப் பிளாஸ்க் மூடியிலேயே ஊற்றிக் குடித்தான். மகளுக்குப் புதிதாக ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம் என்று அவள் ஆரம்பித்தாள். யாரவன், என்ன படிக்கிறான் என்று இரண்டு கேள்வி கேட்டான். மூன்றாவது கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தலை அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

முந்தின இரவு முழுக்கக் கப்பல் புயலில் அலைந்து வந்திருந்தது. சோல்வே அசையாமல் உட்கார்ந்தாள். அவனிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தாள். எழுப்பலாமா என்று நினைத்தாள். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. துறையின் மேலிருந்து தாது உருண்டைகள் கப்பலின் வயிற்றுக்குள் கொட்டும் ஓசை மழைபோல் கேட்டது. தோள் மரத்துப்போனது. ஏரிப்பக்கம் வெளிச்சம் மெல்லச் சாய்ந்தது. அவன் போன் அடித்தபோதுதான் விழித்தான்.

“எழுப்பக் கூடாதா, சோல்?”

“கொறட்ட விட்ட. மனசு வரல.”

“உங்கிட்டப் பேசணும்னு மூட்டை மூட்டையா வெச்சிருந்தேன்.”

“இப்ப சொல்லு.”

அவன் யோசித்தான். “ஒண்ணும் ஞாபகம் வரல” என்றான். இருவரும் சிரித்தார்கள். அவன் அவள் தலைமுடியில் முகத்தை ஒருமுறை புதைத்து எடுத்துவிட்டு இறங்கினான். வாசலைத் தாண்டி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இரும்புத் தூண்களுக்கு நடுவே மறைந்தான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் வண்டியை விட்டு, இறங்கி நின்றாள். கப்பல் பின்வாங்கி, மெல்லத் திரும்பி, கலங்கரை விளக்கைக் கடந்து வெளியே போயிற்று. தண்ணீருக்கு அடியில் இருக்கும் இயந்திர அறைக்கு ஜன்னல் கிடையாது. சோல்வே கழுத்துத் துணியை அவிழ்த்து, கப்பல் சின்னதாகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.